மாப்பிள்ளை கம்பெனி தூக்கிய ஆப்பும் எங்கள் வாசல் சாக்கடையும்

மேன்மை தங்கிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நான் முழு நலம். உங்கள் அத்தை வாசற்படி வரைக்கும் நலம். அங்கே நீங்களும் என் மகளும், நாங்கள் இன்னும் போனில் மட்டுமே பார்த்திருக்கும் பேரனும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

வாசற்படி வரைக்கும் என்று ஏன் சொன்னேன் என்றால், எங்கள் வாசலை ஒட்டிய சாக்கடையின் மூடி உடைந்து நாலு மாதமாகிறது. குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கிறேன். அதில் நான் நடப்பேன், பால்காரர் நடப்பார், தெருநாய்கூட நடக்கும். உங்கள் அத்தை மட்டும் கால் வைக்க மாட்டாள். "விழுந்தா நீங்களா தூக்குவீங்க?" என்கிறாள். நியாயமான கேள்விதான். பேரன் பிறந்து மூன்று மாதம் ஆகியும் போய்ப் பார்க்க முடியாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்கும் அழுகைதான், வெளியே காட்டிக்கொள்வதில்லை.

மூடி போட நகராட்சி உறுப்பினர் கையெழுத்து வேண்டும். எத்தனை மணிக்குப் போனாலும் "இப்பத்தான் கிளம்பினார்" என்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து, வராத வண்டிக்கே வரவேண்டிய நேரம் எழுதியவன் நான், என்னிடமா இந்த வேலை? எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரைப் பிடித்து ஒரு ஆப் செய்யச் சொன்னேன். பெயர் 'எங்கே நம்ம ஆள்'. உறுப்பினரின் காரைப் பார்த்தவர்கள் ஒரு தட்டு தட்டினால் போதும். கடந்த இடம், நேரம், தாமதம் எல்லாம் வந்துவிடும். பத்தே நாளில் பாதி ஊர் தட்ட ஆரம்பித்தது. சலூனில் முகமெல்லாம் நுரையோடு அவரை மடக்கினோம். "நாளைக்கே போட்டுடலாம் ஐயா" என்று பாதி முகம் மழித்தபடியே ஓடினார். மறுநாள் மூடி வரவில்லை, ஆப்பைத்தான் காணவில்லை. நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி, போனில் இருக்கும் தன் ஆப் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது!

காரணம் கேட்டா, எளிதில் பாதிக்கப்படக்கூடியவரை அது குறிவைக்குதாம். மாப்பிள்ளை, சாக்கடைக்கு இந்தப் பக்கம் நாலு மாசமா உட்கார்ந்திருக்கிறவ பாதிக்கப்பட்டவளா, கார்ல ஏசி போட்டுக்கிட்டுப் போறவர் பாதிக்கப்பட்டவரா? சரின்னு அவர் படத்தை எடுத்துட்டு எருமைப் படம் போட்டோம், இழிவுபடுத்துதுன்னாங்க. எருமையையா, அவரையான்னு வாத்தியார் எழுதிக் கேட்டார். பஸ் படம் போட்டோம். வராத பஸ்ஸைக் காட்டி மக்களை ஏமாத்துறோமாம். என் சர்வீஸ் முழுக்க அதுதானே நடந்துச்சு, அப்ப யாரு கேட்டா? கடைசியா படமே இல்லாம அனுப்பினோம். அரசியல் சார்புன்னு திருப்பிட்டாங்க. சாக்கடை எந்தக் கட்சி மாப்பிள்ளை? ஆப் நீக்குற வேலை அதிகம்னு நீங்க தினமும் நேரம் கழிச்சுத்தான் வீட்டுக்கு வர்றீங்களாமே, மகள் சொல்லிக் குறைப்பட்டுக்கிட்டா. எங்களுதை நீக்கினதும் அதே கைதானான்னு நான் கேட்க மாட்டேன், கேட்டதா வெச்சுக்குங்க. வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கு. உடனே திருப்பிப் போடச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த தடவை நீங்க வரும்போது பலகையில தனியா நடந்துதான் வரணும், நான் கை கொடுக்க மாட்டேன்.

மகளுக்கும் பேரனுக்கும் முழு ஆசிகள். உங்களுக்கு இப்போதைக்குப் பாதி. மீதி ஆப் திரும்பி வந்ததும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் 'டமார்' என்று சத்தம். ஆப் போன தைரியத்தில் நம்ம ஆள் எங்கள் தெருவுக்கே வர, கார்ச் சக்கரம் எங்கள் சாக்கடையில் இறங்கிவிட்டது. காரைத் தூக்கும் வரை இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் அத்தை பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சாயங்காலமே புது மூடி வந்துவிட்டது. ஆப் இருந்திருந்தால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பாரா? ஆகவே அதைத் திருப்பிப் போட வேண்டாம். கம்பெனிக்கு என் நன்றியைச் சொல்லவும், மீதி ஆசியையும் எடுத்துக்கொள்ளவும். சனிக்கிழமை வண்டியில் நாங்கள் அங்கே வருகிறோம். எப்போது திரும்புவோம் என்று உங்கள் அத்தை சொல்லவில்லை. சும்மா கிடக்கும் ஆப்பைக் கொஞ்சம் மாற்றித்தரும்படி வாத்தியாரிடம் அவளே கேட்டிருக்கிறாள். நீங்கள் ஆபீஸிலிருந்து கிளம்பிய நேரம், கடந்த இடம், தாமதம் எல்லாம் அதில் வருமாம். பெயர் 'எங்கே நம்ம மாப்பிள்ளை'. இதையும் தூக்குவதாக இருந்தால் அத்தையிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.