இடிப்பல் சிலுப்பனின் பௌர்ணமிச் சண்டை

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் காடு முடிந்து குப்பைமேடு தொடங்குகிற ஓரத்தில், சிலுப்பன் என்றொரு கீரி இருந்தான். அவனும் அவன் அம்மா செவலையும் குடியிருந்தது உடைந்த சிமெண்டுக் குழாய் ஒன்றில். மழை வந்தால் குழாய் வாய்க்காலாகும், வெயில் வந்தால் அடுப்பாகும். சாப்பாடு கிடைத்தால் ஓணான். கிடைக்காவிட்டால் ஓணானைப் பற்றிய பேச்சு.

சிலுப்பனுக்கு ஒரு தம்பி இருந்தான். படத்தரசு என்கிற நாகம் அவனை விழுங்கிவிட்டது. அன்று முதல் சிலுப்பனுக்கு ஒரே வெறி, அந்தப் பாம்பின் கழுத்தைக் கவ்வ வேண்டும். குப்பைமேட்டில் கிடந்த டயரைக் கடித்துக் கடித்தே பல்லை இரும்பாக்கினான். பழகுவதற்காகப் பெருச்சாளியோடு மோதினான், காட்டுப்பூனையோடு மோதினான். எல்லோரையும் ஜெயித்தான். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. கைதட்டலை அம்மா குழம்பாகவா வைக்க முடியும்? கிழிந்த காதும் வீங்கிய கண்ணும்தான் மிச்சம்.

அப்போதுதான் நரியார் வந்தார். பெரிய பெரிய சண்டைகளை நடத்துகிறவர் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"தம்பி, நீ ஏன் இன்னும் ஏழையா இருக்கே தெரியுமா? சண்டை போடறே, அதான்."

"சண்டைக்காரன் சண்டை போடாம வேற என்னங்கய்யா பண்ணுவான்?"

"போடப் போறேன்னு சொல்லணும். ஊருக்குள்ள வித்தைக்காரனைப் பார்த்ததில்லையா? கீரியையும் பாம்பையும் மோத விடறேன்னு சொல்லியே கூட்டத்தை உட்கார வைப்பான். தைலம் வித்துட்டு மூட்டையைக் கட்டிடுவான். உங்க சித்தப்பா அவன்கிட்டதானே இருந்தாரு? சாகிற வரைக்கும் உடம்புல ஒரு கீறல் உண்டா?"

"சரி, யாரோட சண்டை?"

"படத்தரசு."

அந்தப் பேரைக் கேட்டதும் சிலுப்பனுக்கு வால்வரை மயிர் சிலிர்த்தது. நரியார் அதுவரை சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. நரியார் நீட்டிய ஒப்பந்தத்தில் உடனே கைநாட்டு வைத்தான்.

உரிமம் இல்லாமல் சண்டை போடக் கூடாதாம். மல்லர் சங்கத்து வாசலில் வரிசையில் நின்றான். செயலாளர் ஆமையார் உடம்பில் மச்சம் எங்கே என்று கேட்டார். உடம்பு பூரா மயிர் உள்ளவன் மச்சத்துக்கு எங்கே போவான்? மூக்கைக் காட்டி ஒப்பேற்றினான்.

மரத்துக்கு மரம் சுவரொட்டி. 'தம்பியின் ரத்தம் கேட்கிறது! இடிப்பல் சிலுப்பன் மோதும் படத்தரசு! வரும் பௌர்ணமி!' காடே திரண்டது. சிலுப்பன் சீறினான். படத்தரசு படமெடுத்தான். நரியார் நடுவில் புகுந்து இடிப்பல் பற்பொடியின் மகிமையைப் பேசினார். பற்பொடி தீர்ந்ததும், படத்தரசு சட்டை உரிக்கப் போவதால் சண்டை அடுத்த பௌர்ணமிக்கு என்றார்.

"அய்யா, இப்பவே விடுங்க!" என்று சிலுப்பன் துடித்தான்.

"அவசரப்படாதே தம்பி. பகை பழுக்கட்டும்."

மறுநாள் குழாய் வாசலில் ஒரு கூடை முட்டை இருந்தது. அடுத்த பௌர்ணமிக்குச் சிலுப்பனுக்கு நகம் சுளுக்கிக்கொண்டது. அதற்கடுத்து நேரம் சரியில்லை. குழாய் போய்ப் பாறை வீடு வந்தது. சிலுப்பனுக்குத் தொப்பை வந்தது. சண்டையே போடாமல் காட்டின் மாபெரும் வீரன் என்று பட்டமும் வந்தது. போகப்போக அவனே நரியாரிடம் கேட்கத் தொடங்கினான்: "இந்தத் தடவை உடம்புக்கு முடியாதது யாருக்கு, அவருக்கா எனக்கா?"

'அவன்' எப்போது 'அவர்' ஆனான் என்று சிலுப்பன் கவனிக்கவில்லை. செவலை கவனித்தாள். அவள் முட்டையைத் தொடுவதில்லை.

"எப்படா அவனை அடிப்பே?"

"அடுத்த பௌர்ணமிம்மா."

கடைசியில் அவளே பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்தாள். வீரனின் தாய் அல்லவா, முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நரியார் பற்பொடியை ஆரம்பித்தார். படம் விரித்து நின்ற படத்தரசு மெதுவாக, "தம்பி, முதுகு விட்டுப்போகுது. சீக்கிரம் முடிக்கச் சொல்லேன்" என்றான். சிலுப்பன் சிரித்தான். செவலை அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

நரியார் பற்பொடிப் பேச்சை முடிக்கவில்லை. அதற்குள் படத்தரசின் கழுத்து கிழவி செவலையின் வாயில் இருந்தது.

கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. சண்டை என்பது இவ்வளவு சின்னதா? "டிக்கெட் காசைத் திருப்பிக் குடு!" என்று ஒரு முயல் கத்தியது. ஆமையார் மெல்ல மேடையேறினார்.

"ஏம்மா, உரிமம் இருக்கா?"

"எனக்கு இன்னொரு பிள்ளை இருந்தான்யா. அது போதாதா?"

போதாதாம். உரிமமில்லாமல் சண்டையிட்டதற்கும், விளையாட்டின் கண்ணியத்தைக் குலைத்ததற்கும் ஆயுள் தடை என்று அறிவித்தார். சிலுப்பன் அது எதையும் கேட்கவில்லை. "போயிட்டீங்களே அண்ணே!" என்று பாம்பின் மேல் விழுந்து அழுதான். உண்மையான அழுகை. தம்பிக்குக்கூட அவன் அப்படி அழுததில்லை. செவலை வாயைக் கழுவிக்கொண்டு பழைய குழாயைப் பார்த்து நடந்தாள்.

விடிந்ததும் நரியார், நூல்போல நெளிகிற ஒரு குட்டி நாகத்தோடு வந்தார். படத்தரசின் மகன். புதுச் சுவரொட்டியும் தயார்: 'அப்பாவின் ரத்தம் கேட்கிறது!'

சிலுப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மா தொடாத முட்டையில் ஒன்றை எடுத்து உடைத்து, குட்டியின் வாயருகே நீட்டினான்.

"சாப்பிடு கண்ணு. நல்லா வளர்ந்து என்னைப் பழிவாங்கணும்ல?"

நீதி: பகையை ஊட்டி வளர்ப்பவன் பெரிய ஆளாவான். ஆனால் சண்டை நடக்கிற இடத்துக்கு அம்மாவை மட்டும் வரவிடக் கூடாது.