மாமாவைக் காணவில்லை

எனக்கு யோசனை வராத வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆபத்தில்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

திருவண்ணாமலையில் ஒரு தியேட்டருக்கு போஸ்டர், பேனர் வேலை பார்க்கிறேன். தொலைந்துபோன ஒருவரைத் தேடும் கதை ஒன்று ரிலீஸுக்கு வந்தது. நடித்தவர்கள் அத்தனை பேரும் புதுமுகங்கள். சாதாரண போஸ்டர் ஒட்டினால் மாடுகூட திரும்பிப் பார்க்காது. அதனால் படத்தின் பெயரையே போடாமல், ‘காணவில்லை. ஞாபக மறதி உள்ளவர்’ என்று பெரிதாக அடித்து, தியேட்டர் ஆபீஸ் விலாசத்தையும் நம்பரையும் போட்டேன்; விசாரிக்கிறவர்களிடம் படத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். போட்டோ, என் அக்கா வீட்டுக்காரருடையது. (அவரைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பாரா?)

பௌர்ணமிக்கு முந்தின நாள் கிரிவலப் பாதை நெடுக ஒட்டியாயிற்று. மறுநாள் காலை, வேலைக்குப் போக கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறிய மாமாவை கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

“நான் எங்கயும் தொலையலைங்க, வேலைக்குப் போறேன்.”

“அப்டித்தான் தோணும். பேசாம உக்காருங்க.”

பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்து, நாலு பேர் பத்திரமாக அவரைத் தியேட்டரில் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். மாமா என்னைத் திட்டவில்லை. மிச்சமிருந்த பன்னை என்னிடம் நீட்டினார். திட்டியிருக்கலாம்.

அவர்கள் பின்னாலேயே அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்.

“இவரு கெடச்சிட்டாராமே தம்பி? ஒட்டி எத்தினி நாள்ல கெடச்சாரு?”

“ஒரே நாள்லம்மா” என்றேன். அது உண்மைதான்.

பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தார். “எம் புள்ள. வேலைக்குப் போறேன்னு போனான். ரெண்டு வருசமாச்சு. எனக்கும் ஒட்டித் தரியா?”

சினிமா விளம்பரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்: “ஒட்டித் தருவான்மா. நான் கூட வரேன்.”

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, கிரிவலப் பாதையில் போஸ்டரிலிருந்த தன் முகத்தின்மேல் தானே பசை தடவி, அந்தப் பையனின் போஸ்டரை ஒட்டிக்கொண்டு வந்தார் மாமா. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். படம் மூன்றே நாளில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது.

இப்போதும் மாமா கடைக்குக் கிளம்பினால், “போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, தம்பிகிட்ட சொல்லி வெக்கிறேன்” என்பாள் அக்கா. வீடே சிரிக்கும். நானும்தான்.

அந்த அம்மாவிடம் போன் இல்லை. பையனின் போஸ்டரில் என் நம்பரைத்தான் போட்டோம். தெரியாத நம்பர் எது வந்தாலும், முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறேன்.