யோகராசாவின் எஞ்சினுக்கு வந்த நோய்

இனித் தம்பிக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டுதான் யோகராசா குருக்கள்மடத்தில் பாதையில் ஓட்டோவை ஏற்றினான். வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். பாதை நடு வாவிக்கு வந்தபோது சத்தியம் பாதியாகிவிட்டது. பழுகாமத்தில் தம்பி ஜெயரூபனின் வாடிய முகத்தைக் கண்டதும் மீதியும் போயிற்று. திரும்பி வரும்போது சட்டைப்பை காலி.

அது ஓட்டோவுக்குக் கட்டவேண்டிய லீசிங் தவணைக் காசு.

ஜெயரூபனுக்கு முப்பத்தாறு வயது. சோம்பேறியாக இருந்திருந்தால் செலவு குறைந்திருக்கும். அவனோ உழைப்பாளி. இறால் வளர்த்தான், செத்தது. வத்தகைக் கொடி நட்டான், வெள்ளம் வந்தது. காளான் போட்டான், அது முளைக்கவே பயந்தது. எல்லாவற்றுக்கும் முதல் போட்டது அண்ணன்தான். இப்போது வாத்து.

யோகராசா பயந்தது வாத்துக்கு அல்ல, மனைவி கண்ணகைக்கு. மதுரையை எரித்த பெயரைச் சும்மா வைக்கவில்லை. அவன் குடியிருந்தது அவளுடைய சீதன வீடு. கிணற்றுக் கப்பிகூட அவள் சொத்து. அவனுக்கென்று இருந்தது ஓட்டோ ஒன்று. அதையும் வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று லீசிங்காரன் போனில் சொல்லிவிட்டான். அன்று புதன்.

கண்ணகையிடம் சீட்டுக்காசு இருந்தது. அவள் தைத்துக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"புள்ள, ஓட்டோட எஞ்சின் போச்சு."

"என்ன செய்யுது?"

"சத்தம்."

"காலம சத்தமில்லாமத்தானே ஓடிச்சு?"

"அதுதான் நோய். வரவேண்டிய சத்தம் வரல்ல."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து மெல்லச் சுருட்டினாள்.

"எவ்வளவு வேணும்?"

சொன்னான்.

"நாளைக்குக் கராஜுக்கு நானும் வாறன்."

யோகராசா கிணற்றடிக்கு ஓடிப்போய்க் காத்தான்குடி கராஜ்காரர் மீராசாஹிப் நானாவுக்குப் போன் எடுத்தான்.

"நானா, எஞ்சின் பழுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. உயிர்ப் பிச்சை."

"பொய் சொல்ல மாட்டன் தம்பி. கழட்டச் சொன்னாக் கழட்டுவன்."

அவன் அந்த இரவு கண் மூடவில்லை.

காலையில் கராஜில் கண்ணகை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "கழட்டுங்க நானா. என்ட கண்ணால பாக்கணும்."

மீராசாஹிப் ஒவ்வொரு நட்டாகக் கழற்றிச் சாக்கில் வைத்தார். ஒவ்வொரு நட்டுக்கும் யோகராசாவுக்குள்ளும் ஏதோ ஒன்று கழன்றது. நோயே இல்லாதவனின் நெஞ்சைப் பிளந்து வைத்ததுபோல எஞ்சின் கிடந்தது. இதைத் திரும்பப் பூட்டக் கூலி வேறு. வெள்ளிக்கிழமை ஓட்டோவைத் தூக்க வருகிறவன் சாக்கில் கட்டிக்கொண்டா போவான்?

மீராசாஹிப் கையைத் துடைத்தார். "ஒரு குறையும் இல்ல தங்கச்சி. கல்லு மாதிரி இருக்கு."

கண்ணகை கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"தம்பிக்குக் குடுத்துட்டன் புள்ள! அவன் பட்டினி கிடந்தா எனக்குச் சோறு இறங்குதில்ல. நான் என்ன செய்ய? வீட்டவிட்டு மட்டும் போகச் சொல்லிராத!"

"தெரியும்," என்றாள் அவள். "பிணைக்குக் கையெழுத்து வெச்சது நான்தானே. லீசிங்காரன் எனக்கும் போன் எடுத்தவன். நேத்துப் பின்னேரமே கட்டிட்டன்."

"அப்ப... இத ஏன் கழட்ட வெச்ச?"

"உண்ம உங்கட வாயால வரணுமே. இவ்வளவு ஆழத்தில கிடக்குமெண்டு நினைக்கல்ல."

யோகராசாவுக்குக் கண் கலங்கியது. ஓட்டோ தப்பியது, வீடு தப்பியது. மூச்சு விடப் போன நேரத்தில் வாசலில் ஜெயரூபன் வந்து நின்றான்.

"மச்சாள் வரச் சொன்னாங்க."

"நான்தான் கூப்பிட்டன்," என்றாள் கண்ணகை. "காலமையில ஓட்டோவ நீங்க ஓடுங்க. பின்னேரம் தம்பி ஓடட்டும். நாள் வாடகை என்ட கையில வரணும்."

"அவனுக்கு லைசன்ஸ்..."

"போன வருசம் அதுக்கும் நீங்கதானே காசு குடுத்த? தெரியாதெண்டா நினைச்சீங்க?"

எஞ்சினைப் பூட்டி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. தம்பியின் முறை. ஜெயரூபன் முன்னால் ஏறிப் பக்குவமாகத்தான் ஓட்டினான். தன் ஓட்டோவின் பின்சீட்டில் கண்ணகைக்குப் பக்கத்தில் யோகராசா முதன்முதலாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் ஓட்டோ நின்றதும் இறங்கி நழுவப் பார்த்தான்.

"எங்க போறீங்க?" என்றாள் கண்ணகை. "தம்பிட தொழில் இது. காசக் குடுத்துட்டுப் போங்க."

யோகராசா சட்டைப்பையைத் தடவினான், ஒன்றும் இல்லை.

"பரவால்ல அண்ண," என்றான் ஜெயரூபன் பெருந்தன்மையோடு, "உங்களுக்கு வசதி வந்த பிறகு தாங்க."