சுவர்த்தாளுக்குப் பின்னால் ஒரு கண்

“கரண்டி கிடைச்சுதா, பான் லுத்விக்?”

“இதோ எடுத்துட்டேன், பானி ரோசாலியா.”

கரண்டி கிடைத்துவிட்டது. தேநீர்க் கரண்டி அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தது. அதை எடுக்க அலமாரியை நகர்த்தியதில்தான் வந்தது வினை. கரண்டிக்கு ஒரு முழம் மேலே, சுவரில் ஒரு கண் இருந்தது.

ரோஜாப்பூ போட்ட பழைய சுவர்த்தாள் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கண் லுத்விக்கைப் பார்த்தது. இமை மயிர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு ஒரு நீலச் சிறகு முளைத்திருந்தது.

லுத்விக் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆணைப் பான் என்றும் பெண்ணைப் பானி என்றும் மரியாதையாகக் கூப்பிடும் எங்கள் வூச் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கடைக்குள் போனால் எழுத்துப் பலகையைவிடப் பழைய சினிமா சுவரொட்டிகள்தான் அதிகம் தெரியும். அவற்றைச் சேர்ப்பதுதான் அவருக்குப் பித்து. எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் சுவரொட்டி வரைகிறவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் கிடையாது. காதல் படத்துக்கு ஒரு முட்டைகோஸ் வரைவார்கள். போர்ப் படத்துக்கு ஒற்றை நாற்காலி வரைவார்கள். ஜனங்களும் படத்துக்குப் போய், முட்டைகோஸ் எங்கே என்று யாரையும் கேட்காமல் வீடு திரும்புவார்கள்.

லுத்விக்குக்கு ஏழு வயதிருக்கும்போது, டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தூணில் அவளைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு பெண் தேநீர்க் கோப்பையிலிருந்து நிலாவைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணோரத்தில் நீலச் சிறகு. வெளிநாட்டு மாட்டு வைத்தியர் ஒருவரைப் பற்றிய படமாம் அது. மறுநாள் போய்ப் பார்த்தபோது அவள் மேல் சர்க்கஸ் யானையை ஒட்டிவிட்டிருந்தார்கள். பையன் தேம்பி அழுதான். பல்வலி என்று நினைத்து அம்மா கிராம்பு வைத்துவிட்டாள்.

அதன்பின் அந்தச் சுவரொட்டியை அவர் எங்கேயும் பார்க்கவில்லை. வேறு யாரிடமும் ஒரு பிரதிகூட இல்லை. வரைந்தவர் பெயரும் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகக் கீழ் மூலையில் ஒரு சின்ன நத்தை இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் லுத்விக்கின் கனவில் வருவாள். கோப்பையைக் கீழே இறக்கிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் கடிகாரம் அடித்துவிடும். இத்தனை வருடமாக அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று தெரியாமலே அவர் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ரோசாலியா அறுபதைத் தாண்டியவர். கடைக்கு வந்து கண்ணாடிக்கு அளவு கொடுத்தபோது சுவர்களையெல்லாம் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “எனக்கு டிராம்ல வர்றது கஷ்டம். கண்ணாடியைத் தோட்டத்துக்கே கொண்டு வந்து குடுத்துடுங்களேன்,” என்றார். ஊர் ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலமும் அதில் ஒரு சின்ன மரவீடுமாக வரிசையாய்க் கிடக்கும் தோட்டங்களில் அவருடையதும் ஒன்று.

கடையில் சுவர்த்தாள் கிடைக்காத காலத்தில், இந்த மரவீடுகளில் குளிருக்குச் சுவரொட்டியைத்தான் ஒட்டுவார்கள். தாள் கிடைக்க ஆரம்பித்ததும் அதன்மேல் ரோஜாப்பூ ஏறிவிடும். ஆகவே சுவரொட்டி சேர்க்கிற யாரும் தோட்டவீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கும் முன் சுவரைத்தான் பார்ப்பார்கள். ஆசையை மட்டும் வெளியே காட்டிவிடக் கூடாது. காட்டினால் பொருள் கைக்கு வராது.

லுத்விக் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“உங்க சுவர்ல ஈரம் ஏறியிருக்கு, பானி ரோசாலியா.”

“அப்படியா? எனக்குத் தெரியலையே.” அவர் புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இறக்கினார்.

“அலமாரிக்குப் பின்னால. இப்படியே விட்டா பூஞ்சை புடிச்சு இருமல் வந்துடும். அந்தத் தாளை உரிச்சுட்டு வேற ஒட்டணும். நானே செஞ்சு தரேன். ஒரு மணி நேர வேலை.”

“கண்ணாடிக்காரருக்குச் சுவர்த்தாளும் ஒட்டத் தெரியுமா?”

“பொழுதுபோகாம கத்துக்கிட்டது.”

ரோசாலியா கீரைப்பாத்தியில் குனிந்து ஒரு நத்தையை எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார்.

“மறுபடியும் விருந்தாளி அனுப்புறீங்களா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது பக்கத்துத் தோட்டத்து கெர்வாசி. மடக்கு நாற்காலியும் வானொலியுமாக நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்.

“அதுக்கும் பசிக்குமே, பான் கெர்வாசி. உங்க முட்டைகோஸ்னா அதுக்கு உசுரு.” பிறகு லுத்விக்கிடம் திரும்பினார். “ஈரம்னா மேலேருந்துதானே இறங்கும்? ஒழுகுற கூரையை வச்சுக்கிட்டுப் புதுத் தாள் ஒட்டுனா வீண் இல்லையா? நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க.”

லுத்விக் படித்தவர். ஆகவே ஒப்புக்கொண்டார்.

வெளியே போகும்போது கெர்வாசி வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க கூரையா?”

“ஆமா. கூரைதான் முதல்ல.”

“நல்லது,” என்று கெர்வாசி மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.

அதுவரை கடை முக்காலியைவிட உயரமான எதிலும் லுத்விக் ஏறியதில்லை. அடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கூரையில் ஏறி, தார்த்தாளை விரித்து ஆணி அடித்தார். பாதி ஆணி பலகையில் இறங்கியது, மீதி கட்டைவிரலில். நடுநடுவே தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய், அலமாரியை லேசாக நகர்த்திக் கண்ணைப் பார்த்துவிட்டு வருவார். அவள் காத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

மழை வந்தது. புதுக்கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் லுத்விக் போட்ட சரிவில் தண்ணீர் முழுவதும் வாசல் பக்கம் ஓடி, வாசற்படிக்கு அடியில் குளம் கட்டியது.

“இப்ப ஈரம் கீழேருந்து ஏறுமே,” என்றார் ரோசாலியா, கவலையே இல்லாத குரலில்.

அதற்காக லுத்விக் கூரை ஓரத்தில் தகரக் குழாய் பொருத்தினார். குழாயின் கனத்தில் பலகை ஒன்று பிளந்தது. பலகையை மாற்றியதில் சட்டம் நகர்ந்து கதவு சாத்த மறுத்தது. கதவை இழைத்ததில் அது அளவுக்கு மீறி இளைத்துப்போய், பூனையொன்று இடுக்கு வழியாக வந்து தயிரைக் குடித்துவிட்டுப் போனது. ஒவ்வொரு வேலை முடிவிலும் அவர் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ரோசாலியா அவருக்கு ஒரு குவளை ப்ளம் பழச்சாறு கொடுப்பார்.

வீட்டில் வேறு சிக்கல். சனிக்கிழமைதோறும் காளான் பறிக்கக் காட்டுக்குப் போவதாக மனைவி யுஸ்தீனாவிடம் சொல்லிவைத்திருந்தார். வெறுங்கையோடு திரும்ப முடியுமா? வரும் வழியில் சந்தையில் ஒரு கூடை வாங்கிக்கொள்வார்.

யுஸ்தீனா கூடையைக் கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று, ஒரே அளவில், கழுவித் துடைத்த பட்டன் காளான்கள் மேசையில் உருண்டன.

“இது எந்த மரத்தடியில முளைச்சுது?”

“ஊசியிலை மரம்தான்.”

“விலைச்சீட்டோடயா முளைச்சுது?”

லுத்விக் உண்மையைச் சொல்லிவிட்டார். ஒரு தோட்டத்தில் ஒரு அம்மாளுக்குக் கூரை போட்டுக்கொடுத்து, கதவு இழைத்துக்கொண்டிருப்பதாகவும், எல்லாம் சுவருக்குள் இருக்கும் இன்னொரு பெண்ணுக்காகத்தான் என்றும் சொன்னார்.

யுஸ்தீனா காளான்களைத் திரும்பக் கூடையில் அள்ளிப் போட்டார். “காளானே பரவாயில்லை,” என்றார். “வர்ற சனிக்கிழமையோட இது முடியணும். நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு மூணு வருஷமா சாத்த மாட்டேங்குது.”

அந்தச் சனிக்கிழமை வந்தது. செப்டம்பர் வெயில் தேன்போல இறங்கிக் கிடந்தது. சிலந்தி நூல்கள் காற்றில் மிதந்து வந்து வேலியிலும் ப்ளம் மரத்திலும் லுத்விக்கின் காதிலும் ஒட்டிக்கொண்டன. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் டைகூடக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

“இன்னிக்குச் சுவர்தான், பானி ரோசாலியா. வேற வேலை எதுவும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் ஆச்சு.” ரோசாலியா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் மரத்தடியில கொஞ்சம் கண்ணசர்றேன்.”

வாசலுக்கு நேரே மரத்தடியில் துணிச் சாய்வு நாற்காலியைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

லுத்விக் சிறிய அடுப்பில் கெண்டியை ஏற்றினார். மூக்கிலிருந்து ஆவி வந்ததும் அதைச் சுவரோரம் பிடித்தார். பசை இளகியது. ரோஜாப்பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு இறங்கின. சிறகு முழுசாக வந்தது. பிறகு மற்றொரு கண், பிறகு கோப்பையின் விளிம்பு. கோப்பைக்குள் பாதி கரைந்த சர்க்கரைக்கட்டிபோல நிலா. கீழ் மூலையில், ஒரு ரோஜா இதழுக்கு அடியிலிருந்து, நத்தை எட்டிப் பார்த்தது.

அறை முழுவதும் வெண்ணிற ஆவி. டிராம் மணிச் சத்தம் எங்கோ கேட்டது. லுத்விக்குக்கு ஏழு வயதாகிவிட்டது. கையில் நனைந்த பள்ளிக்கூடப் பை இருப்பதுபோல இருந்தது. “வந்துட்டேன்,” என்று அவளிடம் சத்தமாகவே சொன்னார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

அவள் அழ ஆரம்பித்தாள்.

சிறகிலிருந்து ஒரு நீலச் சொட்டு கன்னத்தில் வழிந்தது. இன்னொன்று. லுத்விக் கெண்டியைத் தள்ளி வைத்தார். அச்சு மை ஆவிக்குக் கரையாது. எத்தனை சுவரொட்டிகளை அவர் ஆவி காட்டி உரித்திருக்கிறார், ஒரு புள்ளிகூட நகர்ந்ததில்லை. இது கரைகிறது என்றால் இது அச்சில்லை. தூரிகையால் வரைந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஓவியர் தன் கையால் வரைந்த மூலப் படம். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்று இப்போது வழிந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொப்பியால் விசிறினார். சொட்டுகள் பக்கவாட்டில் ஓடி நிலாவுக்கு மீசை வைத்தன. கைக்குட்டையால் ஒற்றினார். ஒரு புருவம் கைக்குட்டையோடு வந்துவிட்டது. நீலம் நத்தையை நோக்கி இறங்குவதைப் பார்த்ததும், தாங்க முடியாமல் தன் நெஞ்சையே சுவரோடு அழுத்தி அணை போட்டார்.

மெல்லப் பின்வாங்கியபோது சுவரில் மங்கலான ஒரு மேகம்தான் மிச்சம். அவருடைய வெள்ளைச் சட்டையில், இடவலம் மாறி, ஒரு கண்ணும் சிறகும் அரை நிலாவும் இருந்தன. நத்தை அவர் தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது.

வாசல் வழியே போக முடியாது. ரோசாலியா நேர் எதிரே, அவர் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல மனுஷியின் சுவரில் இருந்த பொக்கிஷத்தைத் திருட வந்து, அழித்தும்விட்டோமே என்று லுத்விக்குக்கு அவமானமாக இருந்தது. பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கி, வேலியில் ஏறி, அந்தப் பக்கம் குதித்தார். வேலி மட்டும் யாரோ கைதேர்ந்தவர் போட்டது, கொஞ்சமும் ஆடவில்லை. முள்ளங்கிப் பாத்தியில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். அங்கிருந்து எழ அவருக்கு மனமில்லை. கண்ணீர் பொங்கி வந்தது.

கெர்வாசி வானொலியை நிறுத்தினார். இதுவரை அவர் அதை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“அழிச்சுட்டேன், பான் கெர்வாசி,” என்றார் லுத்விக். “ஏழு வயசுலேருந்து தேடுனேன். உலகத்துல ஒண்ணே ஒண்ணு. என் கையாலயே அழிச்சுட்டேன். அவங்க எழுந்தா என்ன சொல்லுவேன்?”

கெர்வாசி ஒரு வெள்ளரிக்காயைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தையை எடுத்து, வேலிக்கு மேலாக அது வந்த இடத்துக்கே அனுப்பினார்.

“அழாதீங்க,” என்றார். “அந்தக் காலத்துல அதை வரைஞ்சதும் இந்த நத்தைக்காரம்மாதான், வீட்டுல எதாவது பழுதானா மறுபடி வரைஞ்சு மேல ரோஜாத்தாள் ஒட்டுறதும் இவங்கதான், எனக்கும் இவங்களுக்கும் நடுவுல வேலி போட்டுக் குடுத்த சுவரொட்டிக்காரரும் இதே முள்ளங்கிப் பாத்தியில உக்காந்துதான் அழுதார்.”