கிளிஞ்சல்மேட்டுத் தளபதி

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒடைஞ்ச கை ஒன்னை ஒட்டணும்.

என் கை இல்லைங்க. சுண்டுவிரல் உசரத்துல இருக்கற ஒரு வேத்துக்கிரகத் தளபதியோட கை.

முதல்ல என் மாமனாரைப் பத்திச் சொல்லிடறேன். அவரு ஒரு சொல்தா. அதாவது சின்ன வயசுலயே பிரெஞ்சுப் பட்டாளத்துல சேர்ந்து, எங்கெங்கயோ துப்பாக்கி தூக்கிட்டு, இப்ப தலத்தெருவுல பென்ஷன் வாங்கிக்கிட்டு இருக்கறவரு. போன தடவை லீவுல வந்த மச்சான், பிரான்ஸ்லேருந்து அவருக்கு ஒரு பெரிய பெட்டி கொண்டாந்தாரு. உள்ள பிளாஸ்டிக் பொம்மைப் பட்டாளம், பகடை, பிரெஞ்சுல ஒரு விதிப் புத்தகம்.

கதை இதுதான். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சண்டை நடக்குது. மனுஷங்களுக்கு ஆள் பத்தல. அதனால வேத்துக்கிரகத்துலேருந்து கூலிப்படை எடுக்கறாங்க. முதுகுல ஓடு, மூஞ்சியில நீள மீசை, நாலு கை. மனுஷனோட தோளோடு தோள் நின்னு சண்டை போடுவாங்க.

மாமா பொறந்ததே இதுக்குத்தான்ங்கற மாதிரி பிடிச்சுக்கிட்டாரு. அந்தக் கூலிப்படைக்கு அவரு வச்ச பேரு லெழியோன், பிரெஞ்சுல படைன்னு அர்த்தம். ஒவ்வொருத்தனுக்கும் தன் கையாலயே செங்கல் கலர்ல பெயின்ட் அடிச்சாரு.

"ஏன் மாமா, மனுஷப் படையை விட்டுட்டு இவனுங்க மேல இவ்ளோ பாசம்?"னு ஒருநாள் கேட்டேன்.

"நானும் அங்க இப்படித்தான் மாப்ள இருந்தேன். குளிர்ல வெடவெடன்னு நின்னேன், அவனுங்க பேசறது புரியாது, அவனுங்க சோறும் எறங்காது. என்னை ஏதோ கிரகத்துலேருந்து வந்தவன்ங்கற மாதிரி பார்ப்பானுங்க. சண்டைன்னா மட்டும் நான்தான் முன்னாடி."

நான் பெயின்ட் டப்பாவை அவரு பக்கம் நகத்தி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் ஆடுவோம். மனுஷங்களும் லெழியோனும் அவரு பக்கம். மிச்சம் மீதி என் பக்கம். பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான்ங்கறதால நடுவரும் அவரேதான். இதுவரைக்கும் நான் ஒரு ஆட்டம் கூட ஜெயிச்சதில்ல. ஏன்னு கேக்காதீங்க.

அன்னைக்குக் காலையில மாமா தளபதியை ஒரு கைக்குட்டையில சுத்தி என்கிட்ட குடுத்தாரு.

"தூசி தட்டும்போது கீழ விழுந்துட்டான் மாப்ள. எனக்குக் கை நடுங்குது. இந்தக் கையை மட்டும் ஒட்டிக் குடுத்துடுங்க. இவன் இல்லாம லெழியோன் களத்துல எறங்காது. அதான் விதி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரு என்னை நம்பிக் குடுத்த முதல் பொருள் அது. பொண்ணைக் கூட மாமியார் சொல்லித்தான் குடுத்தாரு!

அதுலயும் நான் யாரு? எதிரி. தளபதிக்கு ஒன்னு ஆச்சுன்னா, 'ஜெயிக்கறதுக்காக வேணும்னே பண்ணிட்டான்'னுதான் நினைப்பாரு. நானே அப்படித்தான் நினைப்பேன்.

வாசுகி, என் மனைவி, வாசல்லயே சொன்னா: "தெருமுனைக் கடையில சின்ன டியூப்ல பசை விக்குது. வாங்கி ஒட்டிட்டு வந்து காய் நறுக்கிக் குடுங்க."

பசையா? நானா? நான் கிளிஞ்சல்மேட்டுல பொறந்தவன்!

எங்க ஊர் ஆளுங்களுக்கு மட்டும்தான் இது புரியும். சுனாமிக்கு அப்புறம் கரை பூரா பைபர் போட்டு, அதாவது பைபர் படகுதான். போட்டுல ஓட்டை விழுந்தா ரெசின்ங்கற பிசினைக் கலந்து, பைபர் துணியை வச்சு, பூசி அடைச்சுடுவோம். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. குடம் ஒழுகுதா? ரெசின். தண்ணித்தொட்டி விரிசலா? ரெசின். பைக் மட்கார்டு ஒடைஞ்சுதா? ரெசின். கடல்ல அலை அடிச்சும் விடாத ஒட்டு, ஒரு பொம்மைக் கையை விட்டுடுமா?

வண்டியை எடுத்தேன், கிளிஞ்சல்மேட்டுக்கு விட்டேன்.

செல்வமணி என் கூடப் படிச்சவன். போட்டு ரிப்பேர்ல கெட்டிக்காரன். கரையில ஒரு போட்டைக் கவுத்துப் போட்டு பூசிக்கிட்டு இருந்தான்.

"என்னடா இது? ராட்டா?" எங்க ஊர்ல இறாலுக்கு ராட்டுன்னு பேரு.

"தளபதிடா. மாமாவோடது. கை மட்டும் ஒட்டணும்."

"இவ்ளோதானா? குடு. மாமா சாமான்னு வேற சொல்ற. கொஞ்சம் தாராளமாவே வப்போம்."

தாராளமா வச்சான். துப்பாக்கி பிடிச்சிருந்த அந்தக் கையை நான் சட்டைப்பையில பத்திரமா வச்சிருந்தேன். அதை எடுக்கறதுக்கு முன்னாடியே தளபதியோட தோள்ல, முதுகுல, நெஞ்சுலன்னு பிரஷ்ஷால ஒரு பூசு பூசிட்டான்.

"கொஞ்சம் இறுகட்டும். டீ குடிச்சுட்டு வந்து கையை வப்போம்"னான்.

டீ நல்லாத்தான் இருந்துச்சு.

திரும்பி வந்து பார்த்தா தளபதி உக்காந்திருக்காரு. நாங்க போறப்ப நின்னுக்கிட்டுல்ல இருந்தாரு?

"செல்வமணி, இவரு ஏன்டா உக்காந்திருக்காரு?"

"சூடு தாங்கலயோ என்னமோ."

கிட்ட போய்ப் பார்த்தேன். முட்டி உள்ள போயிருந்துச்சு. மீசை வழிஞ்சு நெஞ்சுல ஒட்டியிருந்துச்சு. நான் தொட்டேன். தொட்டிருக்கக் கூடாது. தளபதி என் விரலோடயே வந்துட்டாரு!

அப்பத்தான் செல்வமணி நிதானமா சொல்றான்: "ஆமாடா, சில பிளாஸ்டிக்கை இது கரைச்சுடும். தெர்மோகோல் மேல ஒரு தடவை ஊத்தினேன், அப்படியே காணாமப் போயிடுச்சு."

"இதை டீக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே!"

மிஞ்சினது தளபதி நின்ன வட்டப் பீடமும், என் சட்டைப்பையில இருந்த கையும்தான். உடம்புல கையை ஒட்டப் போனவன் நான். இப்ப கை பத்திரமா இருக்கு, உடம்பைத்தான் காணோம்.

எனக்கு நெசமாவே அழுகை வந்துடுச்சுங்க. மாமாவோட மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. "பரவால்ல மாப்ள"ன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா ஒரு குண்டூசி கூட என் கையில குடுக்க மாட்டாரு.

செல்வமணி தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சுத்திமுத்தும் பார்த்தான். பக்கத்துல பாய் மேல இறால் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒன்னை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சான்.

முதுகுல ஓடு. மூஞ்சியில நீள மீசை. செங்கல் கலர்.

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

"டேய், வேணாம்டா"ன்னு நான்தான் சொன்னேன். சொல்லிக்கிட்டே பீடத்தை எடுத்துக் குடுத்ததும் நான்தான்.

தளபதிக்கு ஒட்டாத ரெசின் இறாலுக்கு என்னமா ஒட்டுச்சு தெரியுமா? பீடம் வேற பிளாஸ்டிக் போல, அது கரையவே இல்ல. கையை மட்டும் வாசுகி சொன்ன டியூப் பசையை வாங்கி ஒட்டினோம். துப்பாக்கியோட நிமிந்து நின்னாரு புதுத் தளபதி.

சாயங்காலம். மாமா வீட்டு மேசை. கைக்குட்டையைப் பிரிச்சு, தளபதியை லெழியோனுக்கு நடுவுல, பின்வரிசையில நைசா வச்சேன்.

மாமா மூக்கைச் சுருக்கினாரு.

"கருவாட்டு வாசனை வருதே?"

"கிளிஞ்சல்மேட்டுக்குப் போயிருந்தேன் மாமா. சட்டையில ஒட்டியிருக்கும்."

மாமா கண்ணாடியை மாட்டினாரு. குனிஞ்சாரு. தளபதியை எடுத்தாரு. திருப்பினாரு. எனக்கு வேர்த்து ஊத்துது. மேசைக்கு அடியில பூந்துடலாமான்னு கூட யோசிச்சேன்.

 அப்புறம் அவரு தோள் குலுங்குச்சு. அழறாரோன்னு பயந்துட்டேன். சிரிக்கறாரு!

"மாப்ள, இப்பத்தான் இவன் நம்ம ஊர்க்காரன் மாதிரி இருக்கான்."

"மாமா, அது வந்து, ரெசின்..."

"பேசாதீங்க. வரிசை கலையுது."

தளபதியைத் தூக்கி முன்வரிசையில வச்சாரு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. ஆட்டம் ஆரம்பிச்சுது. லெழியோன் முன்னேறுது, என் படை பின்வாங்குது. எல்லாம் வழக்கம் போலத்தான்.

அப்ப பார்த்து சன்னல் வழியா வந்துச்சு மாமா வீட்டுப் பூனை.

மேசை மேல ஒரே தாவு. என் பீரங்கியைப் பார்க்கல, மனுஷப் படையைப் பார்க்கல. நேராத் தளபதியை வாயில கவ்விக்கிட்டு பீரோ மேல ஏறிடுச்சு!

"தளபதி!"ன்னு மாமா கத்தினாரு. அந்தக் குரலை எந்தப் பட்டாளமும் மறந்திருக்காது.

மேல கறுக்குமுறுக்குன்னு சத்தம். கொஞ்ச நேரத்துல பீடம் கீழ விழுந்துச்சு. அப்புறம் துப்பாக்கியோட அந்தக் கையும் விழுந்துச்சு. சாவே இல்லாத கை!

எனக்குள்ள ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்துச்சு. "மாமா, தளபதி செத்தா லெழியோன் கலைஞ்சுடும், அதானே விதி? அப்ப நான்..."

"இருங்க"ன்னு சொல்லி மாமா விதிப் புத்தகத்தை எடுத்தாரு. பக்கம் பக்கமாப் புரட்டினாரு. தலையாட்டிக்கிட்டே படிச்சாரு. அப்புறம் தீர்ப்பு சொன்னாரு:

"கூலிப்படை யார் சோத்தைச் சாப்பிடுதோ அவன் பக்கம். பூனை சாப்பிட்டது என் தளபதியை. அதனால இனிமே பூனை என் பக்கம்."

பிரெஞ்சு தெரியாதவன் என்னத்தை வாதாடறது?

பூனைக்குப் பசி அடங்கல போல. கீழ எறங்கி, வேற யாராச்சும் இருக்காங்களான்னு மேசை பூரா மோந்துக்கிட்டே நடந்துச்சு. நடந்தது என் பக்கத்துலதான். ஒரு பீரங்கி கூட மிஞ்சல.

"வெற்றி!"ன்னு மாமா எழுந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. பூனைக்கு.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாரு. என் தோள்ல கை போட்டாரு. இதுவும் முதல் தடவைதான்.

"மாப்ள, அடுத்த வாரம் வர்றப்ப கிளிஞ்சல்மேட்டுலேருந்து இன்னும் பத்துப் பேரைக் கூட்டிட்டு வாங்க. ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கட்டும்."

ஆக, இப்ப லெழியோனுக்கு ஆள் எடுக்கற அதிகாரி நான்தான். பொறுப்பான பதவி. இந்த வாரம் செல்வமணிகிட்ட ஒரு பொட்டலம் நிறைய வீரர்களை வாங்கிட்டு வந்து சமையக்கட்டுல வச்சேன். சண்டை தொடங்கறதுக்கு முன்னாடியே பாதிப் பேரை வாசுகி கத்திரிக்காயோட குழம்பு வச்சுட்டா.