விடுமுறை அட்டையில் ராசாத்தாள் கையெழுத்து

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

துடியலூரிலிருந்து கெசியா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலிக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். போன ஞாயிறு மட்டும் நான் ஜெபிக்கவில்லை.

அன்றைக்கு ஞாயிறு பள்ளித் தலைவராக நீங்கள், விடுமுறையில் போன ஊரிலும் ஞாயிறு ஆராதனைக்குப் போனோம் என்று அங்குள்ள ஆயரிடம் கையெழுத்து வாங்கிவர ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் விடுமுறை அட்டைகளில் என்னுடையதை எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, "ஆயர் கையெழுத்துப் போடற எடத்துல ஆருங்க அம்மணி இந்த ராசாத்தாள்?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். போன வருடம் குன்னூரில் ஆராதனை முடியும்வரை காரில் தூங்கிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் உள்ளே போனவர் யார் என்று பெரியம்மா சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னீர்கள். இதோ விளக்கம்.

மே மாதம் நான்கு நாள், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தோழி அக்ஷயாவின் தென்னந்தோப்பில் இருந்தேன். ராசாத்தாள் அவளுடைய அம்மா. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆலயமோ பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ஞாயிறு காலை மினி பஸ் வரவில்லை, அதனால் அவர் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார், முன்னால் தீவன மூட்டை, என் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம், கோயிலுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம், வழியில் தீவனத்தை இறக்க ஒரு வீடு, அங்கே மோர் குடிக்காமல் விடமாட்டார்கள், போய்ச் சேர்ந்தால் ஆராதனை முடிந்து ஆயர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார், கதவில் பூட்டு. திரும்பலாம் என்றேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன தூரம் வந்துபோட்டு கும்புடாமப் போறதா? நீ கும்புடு கண்ணு, நான் இருக்கறேன்."

ஒரு சங்கீதம் வாசித்தேன். அவ்வளவுதானா என்றார். ஒரு கீர்த்தனை பாடினேன். ஐந்து சரணத்தில் மூன்றை விட்டதைப் புத்தகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அதையும் பாட வைத்தார். ஊருக்கெல்லாம் ஜெபித்தபோது, தோட்டத்து மோட்டார் புகைந்துபோனதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நம் ஆலயத்தில் ஒரு மணி நேரத்தில் முடிவது அங்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, குறிப்பு எழுதும் இடத்தில், "பொண்ணு நல்லா கும்புட்டுச்சு. மொதல்ல அவசரப்பட்டுச்சு" என்று எழுதினார்.

பெரியப்பா, இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு நேர்மையான நற்சான்று எனக்கு யாரும் தந்ததில்லை. இந்தக் கையெழுத்தை அடிக்க மாட்டேன். வேறு அட்டையும் நிரப்ப மாட்டேன். விடுமுறையிலும் என் விசுவாசம் லீவு போடவில்லை என்பதற்கு இதற்கு மேலும் சாட்சி வேண்டுமென்றால், சாட்சியை நேரிலேயே வரச் சொல்கிறேன். மொபெட்டில் வருவார்.

பெரியம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே தூங்கினாலும் கர்த்தர் காக்கட்டும்.

மற்றதில் எல்லாம் கீழ்ப்படிகிற,
கெசியா

பின்குறிப்பு: மினி பஸ் வரவில்லை என்பது உண்மை. ஆனால் நான் அதற்குக் காத்திருக்கவே இல்லை. முந்தின மூன்று நாளும் வேதத்தைத் திறக்கவில்லை. ஞாயிறும் தூங்கத்தான் நினைத்தேன். நாவலில் பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டையை ராசாத்தாள் அம்மாதான் பார்த்து, "இன்னைக்குப் போகோணும்னு போட்டிருக்குதல்ல?" என்று மொபெட்டை எடுத்தார். இதை எழுதினால் வகுப்பு போகும் என்று தெரியும். கையெழுத்தை மட்டும் அடிக்காதீர்கள். ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு அவர் போன் செய்து, "கெளம்பிட்டயா கண்ணு?" என்கிறார். ஐந்து ஞாயிறும் போயிருக்கிறேன்.