வாதி வரவில்லை

வழக்குப் போட்டு ஜெயிக்கிறவர்கள் உண்டு, தோற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், வழக்கை வைத்துக்கொள்வதற்காகவே போடுகிற ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்தவர்தான். கல்யாண வீட்டிலும், முடிவெட்டும் கடையிலும், பல் வைத்தியர் வாசலில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கும்போதும், "நம்ம கேஸ் ஒண்ணு நடக்குது" என்று, மகன் பெரிய உத்தியோகத்தில் இருப்பதைச் சொல்லும் குரலில் ஆரம்பிப்பாரே, அவர்.

நடக்கிறதா? இல்லை. படுத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் சொந்தத் தம்பிமேல் போட்டிருந்தார். அப்பா கட்டிய வீட்டைப் பிரித்தபோது மொட்டைமாடி பொதுவாக நின்றது, மாடிப்படி தம்பி பக்கம் போயிற்று. ஏதோ ஒரு கோபத்தில் தம்பி படிக்கதவைப் பூட்டினார். அண்ணன் மனைவிக்குத் துணி உலர்த்த இடமில்லை. போர்வை கூடத்தில் தொங்கியது. சட்டைகள் ஈர நாற்றத்தோடு ஆபீஸ் போயின. அந்த அம்மாளுக்கு வேண்டியது ஒரு சாவி. இவர் நீதி வாங்கித் தரக் கிளம்பினார்.

வக்கீல் கேட்ட பாகப் பத்திரத்தை இவர் கொடுக்கவே இல்லை. வழியில் பார்ப்பவர்களுக்குக் காட்ட அது வேண்டியிருந்தது.

"என்னங்க, இன்னிக்கு வாய்தாவாமே, போகலையா?"

"சட்டம் தெரிஞ்சவன் அவசரப்பட மாட்டான். போர்வையைக் கொஞ்சம் ஒதுக்கு, கண்ணாடி தெரியல."

இனி தள்ளிவைக்க மாட்டேன் என்று நீதிபதி சொல்லிவிட்ட வாய்தாவுக்கு மட்டும் போனார். அதாவது, கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை வரை. அங்கே யாருக்கோ ஜாமீன் நிற்க வந்த ஒருவர் அகப்பட்டார். கதை, தாத்தா மனை பார்க்கப் போனதிலிருந்து தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, கோர்ட்டு வராந்தாவில் டவாலிச் சேவகர் வந்து நின்று, வழக்கப்படி இவர் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டார்.

"சார், உங்க பேரு மாதிரி இருக்கே?"

"இந்தப் பேர்ல ஊர்ப்பட்ட ஆளு இருக்கான். மனுஷனை நாலு வார்த்தை பேச விடறானா பாருங்க. எங்க விட்டேன்? ஆங், எங்க தாத்தா..."

வாதி வரவில்லை. வழக்கு தள்ளுபடி. தாத்தா இன்னும் மனையை வாங்கி முடித்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி சாவியோடு வந்தாள். "தப்பா நினைக்காதீங்க அக்கா. கேஸ் இருக்கிற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு. இல்லேன்னா எங்க வீட்டுக்காரரு கோபம் ஆறின அன்னிக்கே கொடுத்திருப்பேன்."

மறுநாள் போர்வை வெயிலைப் பார்த்தது. அந்த அம்மாள் மாடியிலேயே வெகுநேரம் நின்றிருந்தார்.

இவரோ பறிகொடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார். எங்கே போய் எதைப் பேசுவது? கடைசியில் வக்கீலின் குமாஸ்தாதான் காப்பாற்றினார்: தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போடலாமாம். உயிர் திரும்பியது.

"அதான் சாவி வந்துடுச்சே," என்றார் மனைவி.

"சாவி வேற, உரிமை வேற. உனக்குப் புரியாது."

மனுப் போட்டார். தம்பியின் வக்கீல் சொன்னார், சாவி திரும்பிப் போயிற்று, கதவு பூட்டப்பட்டது. போர்வை கூடத்துக்குத் திரும்பியது.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். எதற்கும், உங்கள் நியாயம் என்றைக்குக் கிடைத்தால் போதும் என்று வீட்டில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டால், சந்தேகமே வேண்டாம், நீங்கள்தான் வாதி.